ரோஸ்மேரிக்குப் பாத்தி கட்டியவன்

1

இன்று ஆடிப் பதினெட்டு. திருவாரூரிலிருந்து என் தங்கை மகள் சுமதி காலையிலேயே படம் அனுப்பிவிட்டாள். தட்டில் மஞ்சள், காதோலை கருகமணி, காப்பரிசி. பின்னால் ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது. எங்கள் ஊர் வாய்க்காலுக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லையாம். படத்துக்குக் கீழே அவளுடைய வழக்கமான கேள்வி: "மாமா, ரோஸ்மேரி திரும்பவும் காஞ்சு போச்சு. ஒரு நாளைக்கு எத்தனை தடவை தண்ணி ஊத்தணும்?"

இது அவள் வாங்கிய மூன்றாவது தொட்டி. சுமதி மட்டுமல்ல, கும்பகோணத்தில் இருக்கும் மைத்துனர், கூடப் படித்த நண்பரின் மனைவி, யாரென்றே தெரியாத ஒரு மன்னார்குடிக்காரர் என்று எல்லாரும் என்னிடம் ரோஸ்மேரியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். தழையை வேகவைத்த தண்ணீரைத் தலையில் தெளித்தால் முடி வளரும் என்று கைப்பேசியில் எவரோ சொல்லியிருக்கிறார். நான் மெல்பர்னில் இருப்பதால், வாசல் முழுக்க அந்தச் செடி இருந்ததால், எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிறார்கள். ஒருவராவது என் தலையைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கலாம். எழுபத்து மூன்று வயதில் என் தலை கல் தளம் மாதிரி இருக்கிறது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். கோபம் எனக்குச் சுலபமாக வரும். அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

ஒவ்வோர் ஆண்டும் இந்த நாளையொட்டி இந்தப் பத்திரிகைக்கு ஏதாவது எழுதி அனுப்புவேன். ஆற்றையும் படித்துறையையும் பற்றி எழுதினால் ஊரில் இருப்பவர்களுக்குப் பிடிக்கும். வெளிநாட்டில் இருந்தும் மறக்கவில்லை பாருங்கள் என்று கடிதம் போடுவார்கள். இந்த ஆண்டு அப்படி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. சுமதியின் கேள்விக்குப் பதில் ஒரே வரிதான். ஆனால் அந்த ஒரு வரியை நான் எப்படிக் கற்றேன் என்பதைச் சொல்லாமல் பதிலை மட்டும் அனுப்பினால், அது இன்னொரு பொய்யாகிவிடும்.

2

தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் முப்பத்தொரு வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்தேன். மனைவி போன பிறகு மகன் குமரன் என்னை இங்கே அழைத்துக்கொண்டான். ஒன்பது வருடம் ஆகிறது. வீடு குமரனுடையது என்று ஊரில் சொல்லிக்கொள்வேன். உண்மையில் அதை நடத்துவது என் மருமகள் செல்வி. பெரிய மருத்துவமனை ஒன்றில் மருந்தாளுநர்.

செல்வியின் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். தாத்தா வயலில் கூலிக்கு இறங்கியவர், எங்கள் வயலைப் போன்ற வயல்களில். குமரன் அவளைத்தான் கட்டுவேன் என்றபோது நான் பேசியதை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அச்சிட மாட்டீர்கள். கல்யாணத்துக்கு முதுகு வலி என்று சொல்லிப் போகாமல் இருந்தேன். எனக்கு அன்றும் முதுகு வலி இல்லை, இன்றும் இல்லை. அந்தப் பெண் போடும் சோற்றைத்தான் ஒன்பது வருடமாகச் சாப்பிடுகிறேன். ஒரு நாளும் அவள் அந்த முதுகைப் பற்றிக் கேட்டதில்லை.

இந்த ஊரில் வீட்டுக்கு முன்னால் புல்தான் வளர்க்க வேண்டும். ஏன் என்று கேட்டால் எவருக்கும் தெரியாது. மாடு கிடையாது, ஆடு கிடையாது. புல்லுக்கு உரம் போட்டு, தண்ணீர் விட்டு, வளர்ந்ததும் ஆள் வைத்து வெட்டி, குப்பைத் தொட்டியில் போட்டு அனுப்புகிறார்கள். செல்விக்கு இது பொறுக்கவில்லை. வாசலில் இருப்பதெல்லாம் சமையலுக்கு வர வேண்டும் என்று முடிவு செய்தாள். எலுமிச்சை, வேலியில் பாகல், நடைவழிக்கு இரண்டு பக்கமும் கீரை, குளிர்காலத்தில் உள்ளே தூக்கி வைக்கும் தொட்டியில் கறிவேப்பிலை. "கையை நீட்டிப் பறிச்சுத் திங்க முடியாத செடிக்கு நான் தண்ணி ஊத்த மாட்டேன் மாமா" என்பாள். அழகுக்கும் குறைவில்லை. போகிறவர்கள் நின்று படம் எடுத்தார்கள்.

நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவே ஒரு கீற்று நிலம் உண்டு. அது கவுன்சில் என்கிற இந்த ஊர் நகராட்சியுடையது, ஆனால் புல் வெட்டுவது நம் பொறுப்பு. அங்கே ரோஸ்மேரியை வேலிபோல வைக்கலாம் என்பது அவள் யோசனை. முள் கிடையாது, இடுப்புக்கு மேல் போகாமல் கத்தரித்துக்கொள்ளலாம், நீலப் பூவுக்குத் தேனீ வரும், தழை வருடம் முழுக்கக் கிடைக்கும். இதற்கு அனுமதி வாங்கப் பதினோரு வாரம் ஆனது. வரைபடம் கேட்டார்கள். செடி முழுசாக வளர்ந்தால் எவ்வளவு உயரம், தெருமுனையில் வண்டி ஓட்டுபவரின் கண்ணை மறைக்குமா, செத்துப்போனால் யார் அகற்றுவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள். மேட்டூர் அணையைக் கட்டக்கூட இவ்வளவு கேட்டிருக்க மாட்டார்கள் என்று நான் கத்தினேன். செல்வி பொறுமையாக எல்லாவற்றையும் நிரப்பினாள்.

இருபத்திரண்டு செடி வைத்தாள். இரண்டே வருடத்தில் அடர்ந்துவிட்டது. உருளைக்கிழங்கை எண்ணெயில் புரட்டி, அந்தத் தழையைக் கிள்ளிப் போட்டு அடுப்பில் வைத்தால் தெருக்கோடி வரை மணக்கும். பேத்தி ஆதிரைக்குச் சோறு இறங்காது, அந்த உருளைக்கிழங்கு இறங்கும். அவளுக்கு ரோஸ்மேரியின் லத்தீன் பெயர் தெரியும். கறிவேப்பிலையை "அந்தப் பச்சை இலை" என்பாள். அதற்கும் நான் கோபப்பட்டிருக்கிறேன்.

3

செல்வி அந்தச் செடிகளை மேட்டில் வைத்திருந்தாள். இங்கே மண் களிமண். அதில் சரளையும் மணலும் கலந்து, முழங்கால் உயரத்துக்கு வரப்புபோல அணைத்து, அதன் உச்சியில் நட்டிருந்தாள். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் உறுத்தும். மேட்டில் செடி வைத்தால் தண்ணீர் எப்படி நிற்கும்?

எங்கள் ஊர் கடைமடை. மேலே இருப்பவர்களெல்லாம் எடுத்துக்கொண்டு மிச்சம் இருந்தால் எங்களுக்கு. வாய்க்காலில் தண்ணீர் வந்த நாளில் கண்ணை மூடிக்கொண்டு வயலை நிரப்பிக்கொள்ள வேண்டும். நாளைக்கு வருமா என்று எவருக்கும் தெரியாது. குழாயைத் திறந்தால் எந்நேரமும் தண்ணீர் வரும் ஊருக்கு வந்து ஒன்பது வருடமாகியும், கையில் குழாய் இருந்தால் மூடுவதற்கு எனக்கு மனம் வராது.

இங்கே டிசம்பர்தான் கோடை. போன டிசம்பர் கடைசியில் வெயில் நாற்பதைத் தாண்டியது. குமரனும் செல்வியும் வேலைக்குப் போயிருந்தார்கள். நான் மண்வெட்டியை எடுத்தேன். மேட்டைச் சரித்து, செடி ஒவ்வொன்றுக்கும் பாத்தி கட்டி, பாத்திக்குப் பாத்தி வாய் வெட்டி, ஒரு முனையில் தண்ணீர் விட்டால் மறுமுனை வரை ஓடும்படி செய்தேன். முதல் தடவை தண்ணீர் இருபத்திரண்டாவது செடியைத் தொட்டபோது எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். சாயங்காலம் செல்வி வந்து பார்த்தாள். முகம் சுருங்கியது. "மேடாவே இருந்திருக்கலாம் மாமா" என்றாள். நான் மூன்று தலைமுறையாக விவசாயக் குடும்பம் என்று பதில் சொன்னேன். அவள் உள்ளே போய்விட்டாள். அவள் எத்தனை தலைமுறை என்று நான் யோசிக்கவில்லை.

அதன் பிறகு தினமும் காலையில் பாய்ச்சினேன். வெயில் அதிகமென்றால் மாலையிலும்.

எங்கள் தெருவில் பெரும்பாலான வீடுகளுக்குப் புல் வெட்டுபவர் ஷாஜகான் பாய். அதிராம்பட்டினத்துக்காரர். பன்னிரண்டு வருடம் சவூதியில் இருந்துவிட்டு, மனைவிக்கு இங்கே முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை கிடைத்ததால் வந்தவர். ஐம்பது வயது இருக்கும். வெள்ளை வேன், பின்னால் இயந்திரங்கள். என்னைப் பார்த்தால் வண்டியை ஓரங்கட்டி ஐந்து நிமிடம் தமிழ் பேசிவிட்டுப் போவார். ஜனவரி நடுவில் ஒரு நாள் நான் பாய்ச்சிக்கொண்டிருந்தபோது இறங்கி வந்தார். பாத்தியை ஒரு தடவை முழுக்கப் பார்த்தார்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. இதுக்கு இவ்ளோ தண்ணி ஆவாது."

"பாய், நான் காவிரிப் பாசனக்காரன். நீங்க கடல்கரை. உங்களுக்கு மீனைப் பத்தித் தெரியும்."

அவர் சிரித்தார். "மீனு எங்க மச்சான் பாத்துக்குவாரு சார். எங்களுக்கும் தென்னந்தோப்பு இருக்கு. நாங்களும் கடைமடைதான்." பிறகு செடியின் நுனியைத் தொட்டுக் காட்டினார். "நுனி கருகுது பாருங்க. இது தாகம் இல்ல சார்."

நுனி கருகியிருந்தது உண்மை. எனக்கு அது தாகமாகத்தான் தெரிந்தது. ஆனால் அதைவிட, புல் வெட்ட வந்த ஆள் எனக்குத் தண்ணீர் பாய்ச்சக் கற்றுக்கொடுக்கிறாரே என்பதுதான் எனக்கு உறைத்தது. அவர் போனதும் பாத்தியின் கரையை இன்னும் நான்கு விரல் உயர்த்தினேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அன்று மதியம் இணையத்தில் தேடினேன். முதல் வரியிலேயே இருந்தது: வேர் நனைந்தபடி இருந்தால் அழுகும், அழுகும் செடி தாகத்தில் வாடியதுபோல் தோன்றும், அதை நம்பித் தண்ணீர் விட்டுக் கொல்லாதீர்கள். படித்தேன். கணினியை மூடினேன். மறுநாள் வழக்கம்போலக் குழாயைத் திறந்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

4

பிப்ரவரி முடிவதற்குள் இருபத்திரண்டில் பத்தொன்பது காய்ந்துவிட்டன. தழை பழுப்பாகி, தொட்டால் உதிர்ந்தது. மார்ச்சில் கவுன்சிலிலிருந்து ஒருவர் வந்து படம் எடுத்துப் போனார். அடுத்த வாரம் அறிவிப்பு. இருபத்தெட்டு நாளில் செத்த செடிகளை அகற்றிப் புல்தரையாக மாற்ற வேண்டும், அனுமதி ரத்து.

செல்வி அந்தத் தாளை இரண்டு தடவை படித்துவிட்டு மேசையில் வைத்தாள். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் கோபப்படவில்லை. "ரெண்டு வருஷ வேலை" என்றாள், அவ்வளவுதான். அறிவிப்பின் கடைசியில் ஒரு வரி இருந்தது. வேறொருவரால் சேதம் நேர்ந்திருந்தால் அதற்கான படிவத்தில் புகார் செய்யலாம், அனுமதி நீட்டிக்கப்படும்.

அந்த வரியைப் பார்த்ததும் என் வாயிலிருந்து வந்தது: "பாய் மருந்து தெளிச்சாரு. அதுதான்."

செல்வி நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க பார்த்தீங்களா மாமா?"

"பார்த்தேன்."

நான் பார்த்தது என்னவென்றால், இரண்டு வீடு தள்ளி ஷாஜகான் பாய் முதுகில் தெளிப்பான் மாட்டிக்கொண்டு காங்கிரீட் இடுக்கில் முளைத்த களைக்கு மருந்து அடித்ததை. காற்றே இல்லாத நாள். எங்கள் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

புகாரை நானே எழுதுகிறேன் என்றேன். என் ஆங்கிலத்தின் மேல் எனக்குப் பெருமை உண்டு. இந்த நாட்டில் கடைக்காரப் பையன்கூட என் உச்சரிப்பு புரியாமல் இரண்டு தடவை கேட்பான். ஆனால் எழுத்தில் என்னை எவரும் திருப்பிக் கேட்க முடியாது. ஆறு பத்தி எழுதினேன். களைக்கொல்லியின் மூலக்கூறு எப்படிக் காற்றில் நகரும், இலை வழியாக எப்படி வேருக்கு இறங்கும் என்று விளக்கினேன். களைக்கொல்லியில் சாகும் செடி இப்படிச் சாகாது என்பது எனக்குத் தெரியும். அதை எழுதவில்லை. வாழ்நாள் முழுக்கப் படித்த படிப்பு ஒரு பொய்க்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தது. ஆதிரையிடம் படித்துக் காட்டினேன். வக்கீல் எழுதினதுபோல் இருக்கிறது என்று பாராட்டினாள். எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

படிவத்தில் இரண்டு கட்டம் இருந்தது. ஒன்று, "சந்தேகிக்கிறேன்." மற்றொன்று, "கண்ணால் பார்த்தேன்." சந்தேகிக்கிறேன் என்று குறியிட்டால் விசாரிக்க ஆறு மாதம் ஆகும் என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது. நான் இரண்டாவது கட்டத்தில் குறியிட்டேன். பெயர் எழுதும் இடத்தில் அவர் பெயரையும் வேன் எண்ணையும் எழுதினேன்.

அனுமதி நீட்டிக்கப்பட்டது. கவுன்சில் வேகமாகத்தான் வேலை செய்தது. எல்லா வீட்டுக்கும் ஒரு கடிதம் போனது: உங்கள் பகுதியில் முறையற்ற வகையில் மருந்து தெளிக்கப்பட்டதாகப் புகார், நீங்களும் ஏதேனும் கண்டீர்களா? பெயர் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. தெருவில் மருந்து தெளிப்பவர் ஒருவர்தான்.

5

ஏப்ரலில் இங்கே போர்வீரர்களை நினைவுகூரும் நாள் வரும். அன்று விடியற்காலையில் எல்லாரும் சட்டையில் ஒரு கிள்ளு ரோஸ்மேரியைக் குத்திக்கொண்டு போவார்கள். எதிர்வீட்டுப் பீட்டருக்கு என்னைவிட ஏழெட்டு வயது அதிகம். அவருடைய அப்பா போரிலிருந்து திரும்பாதவர். போன இரண்டு வருடமும் முந்தின நாள் மாலை எங்கள் வேலியில் வந்து கேட்டு ஒரு கிள்ளு எடுத்துப்போனார். இந்த வருடமும் வந்தார். பழுப்பு வரிசையைப் பார்த்து நின்றார். என்ன ஆயிற்று என்று கேட்டார். பாய் செய்தது என்று சொன்னேன். கேட்காமலே இரண்டாம் தடவையும் சொன்னேன். மறுநாள் அவர் வெறும் சட்டையோடு போனதை ஜன்னலில் இருந்து பார்த்தேன்.

அடுத்த வாரத்திலிருந்து பீட்டர் வீட்டுப் புல்லை வேறு ஆள் வெட்டினார். ஒவ்வொரு வீடாக அப்படியே ஆனது. வெள்ளை வேன் வாரத்துக்கு மூன்று நாள் வந்துகொண்டிருந்தது, பிறகு ஒரு நாள் வந்தது, பிறகு வரவில்லை.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதுச் செடி வைக்கலாம் என்று செல்வி செத்ததைப் பிடுங்க இறங்கினாள். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். முதல் செடியை இழுத்தாள். மண்ணோடு வர வேண்டியது, சேற்றோடு வந்தது. வேர் கறுப்பாக, விரலில் உரிந்து கையோடு வந்தது. அவள் அதை முகர்ந்து பார்த்தாள். பிறகு எழுந்து வந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

அந்த நாற்றத்தை நான் ஐம்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் ஒரு தடவை முகர்ந்திருக்கிறேன்.

"மருந்து அடிச்சா வேர் இப்படி நாறாது மாமா. நான் மருந்துக்காரி, எனக்குத் தெரியும். நீங்களும் வேதியியல் வாத்தியாரு."

அவள் வேரைச் சேற்றிலேயே போட்டுவிட்டுக் குழாயடிக்குப் போனாள்.

"தண்ணி விடுறது பெரிய வேலை இல்ல. எங்க தாத்தாவை உங்கள மாதிரி வூட்டுல கூப்பிட்டது வடிக்கிறதுக்குத்தான். எப்ப வடிக்கணும்னு வரப்புல நிக்கிறவங்களுக்குத் தெரியாது. சேத்துல நிக்கிறவங்களுக்குத்தான் தெரியும்." இதைக் கத்திச் சொல்லவில்லை. கையைக் குழாயில் கழுவிக்கொண்டே சொன்னாள். பிறகு குழாயை இறுக்கி மூடினாள். "அந்த மனுஷனுக்கு ரெண்டு புள்ளைங்க படிக்குது."

6

ஐம்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய நாற்றம் எதுவென்று சொல்லிவிடுகிறேன். இதுவரை எவரிடமும் சொன்னதில்லை.

கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தேன். நாற்றங்காலில் முளைகட்டிய விதை விதைத்து இரண்டு நாள். அந்த நேரத்தில் விதைக்கு மேல் தண்ணீர் நிற்கக் கூடாது. மாலையில் வடித்துவிட வேண்டும். எங்கள் வயலுக்குத் தண்ணீர் கட்டியவர் நாகப்பன். அவர் வடித்துவிட்டு வேறு வேலைக்குப் போயிருந்தார். நான் வரப்பில் நடந்துபோனபோது வாய்க்காலில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கடைமடைக்குத் தண்ணீர் வந்திருக்கிறது, எவரும் திறக்கவில்லையே என்று பதறி, மடையைத் திறந்துவிட்டுப் படிக்கப் போனேன். மறந்தும்போனேன். வெயில் ஏறிய தண்ணீர் இரண்டு நாள் நின்றது. நாற்றங்கால் முழுக்க அழுகியது.

அப்பா நாகப்பனை வரப்பில் நிறுத்திப் பேசினார். பேசினார் என்று எழுதுகிறேன், கையும் நீண்டது. நான் பத்தடி தள்ளி நின்றேன். நாகப்பன் என்னைப் பார்த்தார். மடையில் பதிந்திருந்தது செருப்புக் காலின் தடம். அந்த வயலில் செருப்போடு நடக்கிறவர்கள் எங்கள் வீட்டார் மட்டும்தான். அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் அவர் சொல்லவில்லை, சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை, நான் சொல்லியிருக்க முடியும். அந்தப் போகத்தோடு அவரை நிறுத்திவிட்டார்கள். குடும்பத்தோடு எங்கே போனார் என்று நான் விசாரிக்கவில்லை.

ஊரில் நடந்ததைச் சின்ன வயது என்று சொல்லி ஒதுக்கிவிடலாம். இப்போது எனக்கு எழுபத்து மூன்று.

7

செல்வி வேரைக் காட்டிய மறுநாளே ஷாஜகான் பாய் வீட்டைத் தேடிப் போனேன். இரண்டு பேருந்து மாற வேண்டும். அவர் வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. நம் ஊர்க்காரர் ஒருவர் வீட்டு வாசலில் நின்று, உள்ளே வாங்க என்ற சொல் வராமல் இருப்பது எப்படி இருக்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். கண்ணீரும் வந்தது.

அவர் துணியைப் பிழிந்தார். "எனக்கு அன்னைக்கே தெரியும் சார். அந்தப் பாத்திய பார்த்தப்பவே தெரியும். எங்கிட்ட வந்து அழுது என்ன ஆவப் போவுது? அங்க எழுதுனீங்கள்ல, அதே இங்கிலீஷ்ல திரும்ப எழுதுங்க."

"எழுதறேன் பாய். நீங்க திரும்ப எங்க வீட்டுக்கு வரணும்."

"கூப்பிட்டா எல்லா வூட்டுக்கும் போவேன் சார். உங்க வூட்டுக்கு மட்டும் வர மாட்டேன்."

கவுன்சில் இணையத்தளத்தில் அதே படிவத்தைத் திறந்தேன். சேதம் செய்தவர் பெயர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். புகார் அளிப்பவரும் சேதம் செய்தவரும் ஒரே நபராக இருக்க முடியாது என்று சிவப்பில் வந்தது. மூன்று தடவை முயன்றேன். பிறகு நேரில் போனேன். அங்கிருந்த பெண் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, உங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று அன்பாகக் கேட்டாள். வேண்டாம் அம்மா, உன் காதில் விழுந்தது சரிதான், பொய் சொன்னவன் நான்தான் என்றேன். ஒரு வெள்ளைத் தாள் கொடுத்தாள். ஆறு பத்தி எழுதவில்லை. நான்கு வரி எழுதினேன். கண்ணால் பார்த்தேன் என்பதற்கு அதில் கட்டம் இல்லை. அதனால் நானே ஒரு கட்டம் வரைந்து குறியிட்டேன். இந்தத் தடவை அது உண்மை.

பாய்மேல் இருந்த விசாரணை முடித்துவைக்கப்பட்டது என்று அவருக்கு மட்டும் ஒரு கடிதம் போனது. அதுதான் எனக்கு இன்னும் ஆறாத கோபம். புகார் தெருவுக்கே போனது, திருத்தம் ஒருவருக்கு. மற்றவர்களுக்கும் அனுப்புங்கள் என்று கேட்டேன். அது தனியுரிமை விதிக்குப் பொருந்தாதாம். இந்த நாட்டில் ஒருவன் பெயரைக் கெடுக்க வழி இருக்கிறது, சரிசெய்யத்தான் விதி இல்லை என்று அந்தப் பெண்ணிடம் சத்தம் போட்டேன். பாதியிலேயே நிறுத்திக்கொண்டேன். படிவம் தானாக நிரம்பவில்லை.

எனவே வீடு வீடாகப் போனேன். பதினான்கு வீடு. மூன்று நாள் ஆனது. ஒவ்வொரு வாசலிலும் அதே நான்கு வரி. சிலர் தோளில் தட்டினார்கள். ஒரு வீட்டில் நான் ஏதோ நன்கொடைக்கு வந்தேன் என்று நினைத்துக் கதவைச் சாத்தினார்கள். மறுநாள் திரும்பப் போனேன். கடைசியாகப் பீட்டர். முழுக்கக் கேட்டார். "ஏப்ரலில் யார் செய்தது என்று நான் உன்னைக் கேட்கவில்லை. நீயாகத்தானே இரண்டு தடவை சொன்னாய்" என்றார். ஆமாம் என்றேன். நல்ல மனிதர், கதவை மெதுவாகத்தான் சாத்தினார்.

ஆதிரை அன்று இரவுச் சாப்பாட்டில் தமிழில் கேட்டாள். "தாத்தா, நீங்க பார்க்கவே இல்ல?" அவள் தமிழில் பேச வேண்டும் என்று ஒன்பது வருடம் கெஞ்சியவன் நான். அந்த ஒரு வாக்கியத்தில் பிழை இல்லை.

இப்போது ஏழு வீடுகளுக்குப் பாய் வருகிறார். மீதி ஏழு வீட்டார் வேறு ஆளுக்குப் பழகிவிட்டார்கள். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. எங்கள் புல்லை நானே வெட்டுகிறேன். செல்வி கீற்று நிலத்தைத் திரும்ப மேடாக்கி, சரளை கலந்து, பிழைத்த மூன்று செடியிலிருந்து கிள்ளி வேர்விட வைத்த குச்சிகளை நட்டிருக்கிறாள். குழாயின் கைப்பிடியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டாள். நான் கேட்டால் எடுத்துக் கொடுப்பாள். நான் கேட்கவில்லை.

சுமதிக்குப் பதில் எழுதினேன். தொட்டிக்கு அடியில் ஓட்டை இருக்கிறதா பார், சரளை போடு, தண்ணீர் ஊற்றாதே. "என்ன மாமா, பெருக்கு நாள்ல போய் தண்ணி ஊத்தாதேங்கிறீங்க" என்று சிரிக்கும் பொம்மை போட்டு அனுப்பினாள்.

அதைப் படித்துக்கொண்டு வாசலில் நின்றபோது வெள்ளை வேன் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. வழக்கமாக நிற்காது. இன்று வேகம் குறைந்தது. கண்ணாடி இறங்கியது. பாய் என்னைப் பார்க்கவில்லை. மேட்டின் மேலிருந்த குச்சிகளைப் பார்த்தார். இங்கே குளிர்காலம், ஆனாலும் பத்து நாளாக மழை இல்லை. மேல்மண் வெளுத்திருந்தது.

"தண்ணி விட்டீங்களா?"

"இல்ல பாய்."

"ஒரு நாள் கூட?"

"ஒரு நாள் கூட இல்ல."

சரி என்பதுபோல் தலையை ஆட்டினார். கண்ணாடி ஏறியது. வேன் அடுத்த வீட்டுக்குப் போனது.